ஆடுகளத்தைக் குறை சொல்லும் கடிதத்தில் என் கையெழுத்து இராது



இது கொஞ்சம் நீண்ட பதிவு. வாட்ஸ்அப் குழுவில் நாலு வரியில் சொன்னேன். "ரீச்சர், உங்களுக்குக் கிரிக்கெட் விளங்காது" என்று ஒரு தம்பி பதில் போட்டார். அதற்கு ஏழு பேர் கைதட்டும் படம் போட்டார்கள். அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். போன ஞாயிறு எங்கள் கவுண்டியின் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் பக்கத்துக் கவுண்டிப் பிள்ளைகளுக்கும் 40 ஓவர் ஆட்டம் நடந்தது. முதல் நாள் இரவு நல்ல மழை. ஆடுகளம் ஈரமாக இருந்தது. பந்து சில நேரம் நின்று வந்தது, சில நேரம் தாழ்ந்து போனது. நாணயச் சுழற்சியில் நாங்கள்தான் வென்றோம், நாங்கள்தான் முதலில் துடுப்பெடுத்தாடினோம். 33 ஓவரில் 71 ஓட்டத்துக்கு எல்லாரும் ஆட்டமிழந்தோம். அவர்கள் ஆறு விக்கெட்டைப் பறிகொடுத்து அந்த ஓட்டத்தைக் கடந்தார்கள். எங்கள் பக்கத்து ஸ்கோர் புத்தகம் எழுதியது நான்.

அன்று இரவே குழுவில் ஒரு கடிதம் வந்தது. அதில் மூன்று கோரிக்கைகள். ஒன்று, அந்த ஆட்டத்தை "செல்லாது" என்று கவுண்டி அறிவிக்க வேண்டும். பிள்ளைகள் எடுத்த ஓட்டங்களைத் தெரிவாளர்கள் கணக்கில் எடுக்கக் கூடாது. இரண்டு, அந்த மைதானத்தில் இனிமேல் பிள்ளைகளுக்கு ஆட்டம் வைக்கக் கூடாது. மூன்று, ஆடுகளத்தைத் தயார் செய்தவரை அந்த வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். இதை எழுதும்போது பதினாறு பெற்றோர் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பாதிக்கு மேல் எங்கள் தமிழ் ஆட்கள். அதனால்தான் தமிழில் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்திலும், இங்கே லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலும். ஒவ்வொரு பரீட்சைக்குப் பிறகும் ஒரு பெற்றோர் வருவார். "ரீச்சர், கேள்வித்தாள் சரியான கஷ்டம்" என்பார். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன். கஷ்டமா, இல்லை பாடத்திட்டத்துக்கு வெளியே இருந்து வந்ததா? வெளியே இருந்து வந்திருந்தால் அது பிழை, நானே போய்ச் சண்டை பிடிப்பேன். கஷ்டம் மட்டும்தான் என்றால் கேள்வித்தாளில் பிழை இல்லை. எல்லாரும் நூறு எடுக்கிற தாளில் யார் உண்மையில் படித்தவன் என்று கண்டுபிடிக்க ஏலாது.

ஆடுகளமும் அப்படித்தான். கஷ்டமான ஆடுகளம் வேறு, ஆபத்தான ஆடுகளம் வேறு. கடிதம் எழுதியவர் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டி வைத்திருக்கிறார்.

ஆபத்து என்றால் என்னவென்று கிரிக்கெட் விதிகளே சொல்கின்றன. களத்தில் நிற்கும் இரண்டு நடுவர்களும் சேர்ந்து, வீரர்களின் உடலுக்கு உண்மையான ஆபத்து இருக்கிறது என்று கண்டால் ஆட்டத்தை நிறுத்தலாம். ஆடுகளத்தை இடையில் மாற்றுவதென்றால்கூட, நடுவர்கள் அதை ஆபத்தானது அல்லது நியாயமற்றது என்று முடிவெடுக்க வேண்டும், அதன்பின் இரண்டு அணித்தலைவர்களும் சம்மதிக்க வேண்டும். அந்த அதிகாரம் நடுவரிடம் இருக்கிறது. தோற்ற பிறகு மடக்குக் கதிரையில் இருந்து எழும்பி வருகிற அப்பாவிடம் அது இல்லை.

ஆபத்தான ஆடுகளம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமா? 1998 ஜனவரி 29. ஜமேக்காவின் கிங்ஸ்டன், சபினா பார்க் மைதானம். மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இங்கிலாந்துக்கும் டெஸ்ட். 61 பந்துகள்தான் வீசப்பட்டன. இங்கிலாந்து 3 விக்கெட்டுக்கு 17. ஒரே இடத்தில் விழுந்த பந்து ஒன்று முகத்துக்கு வரும், அடுத்தது கணுக்காலுக்கு வரும். அடிபட்டவர்களைப் பார்க்க உடற்பயிற்சி மருத்துவர் திரும்பத் திரும்ப மைதானத்துக்குள் ஓடினார். 56 நிமிடத்தில் ஆட்டம் கைவிடப்பட்டது. அன்று நடுவராக நின்ற இருவரில் ஒருவர் எங்கள் சென்னைக்காரர் வெங்கட்ராகவன். உலகமே பார்த்துக்கொண்டிருந்த டெஸ்ட் ஆட்டத்தையே நிறுத்தத் தயங்காத நடுவர்கள் இருந்திருக்கிறார்கள். இதிலிருந்து விளங்கவேண்டியது ஒன்று: ஆபத்து என்றால் அது தெரியும். அதைச் சொல்லும் முறையும் இருக்கிறது.

போன ஞாயிறு என்ன நடந்தது? ஒரு பந்து எழும்பிப் பிள்ளையின் கையுறையில் பட்டது. உடனே இரண்டு நடுவர்களும் போய் அந்த இடத்தைக் குனிந்து பார்த்தார்கள், கதைத்தார்கள், பிள்ளையிடம் கேட்டார்கள், பிறகு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைக்கும் அடிபடவில்லை. எங்கள் இரண்டு பயிற்றுநர்களும் ஒரு ஆட்சேபணையும் சொல்லவில்லை. இப்போது கடிதத்தில் முதல் பெயராகக் கையெழுத்து வைத்திருப்பவரும் அன்று பத்து மணிக்கு ஒன்றும் சொல்லவில்லை. மகன் ஆட்டமிழந்த பிறகுதான் ஆடுகளம் "ஆபத்தாக" மாறியது.

பிள்ளைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் விதி இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட் சபையின் விதிகள் கடுமையானவை. 18 வயதுக்குட்பட்ட பிள்ளை கடினப் பந்துக்கு முகம் கொடுக்கும்போது தலைக்கவசம் போட வேண்டும். 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் பெரியவர்கள் பாவிப்பதைவிடப் பாரம் குறைந்த பந்து. அந்த வயதுப் பிள்ளையை, பின்பக்கத்து ஓஃப் திசையைத் தவிர, மட்டையாளருக்கு 11 யாருக்குக் கிட்ட நிறுத்தக் கூடாது. வேகப்பந்து போடுகிற பிள்ளைக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு ஓவர்தான் என்று கட்டுப்பாடு. இவ்வளவும் அன்று கடைப்பிடிக்கப்பட்டன. கண்ணால் பார்த்துத்தான் சொல்கிறேன்.

சரி, இப்போது ஸ்கோர் புத்தகத்துக்கு வருவோம். பத்து விக்கெட் எப்படிப் போனது? நாலு பிள்ளைகள் முன்காலை நீட்டி ஓங்கி ட்ரைவ் அடிக்கப் போய், நின்று வந்த பந்தை மேலே தூக்கிக் கொடுத்துப் பிடிபட்டார்கள். மூன்று பேர் குறுக்கு மட்டை வீசிப் பந்தைத் தவறவிட்டு விக்கெட் தெறித்தது. ஒருவர் ரன் அவுட். ஒருவர் தாழ்ந்து வந்த பந்தில் எல்பிடபிள்யூ. ஒருவர் எழும்பி வந்த பந்தில் விக்கெட் காப்பாளரிடம் பிடி கொடுத்தார். ஆக ஆடுகளம் எடுத்த விக்கெட் என்று பார்த்தால் இரண்டு. மிச்சம் எட்டும் நாங்கள் கொடுத்தவை.

பிள்ளைகளில் பிழை சொல்லவில்லை. பன்னிரண்டு வயது. அவர்களுக்கு நாங்கள் என்ன பழக்கியிருக்கிறோம்? உள்ளரங்கு வலை, பச்சைக் கம்பளம் விரித்த தரை, பந்து வீசும் இயந்திரம். இயந்திரம் ஒரே வேகத்தில், ஒரே இடத்தில், ஒரே உயரத்துக்குப் பந்தைப் போடும். பிள்ளை அழகாக ட்ரைவ் அடிப்பான். அப்பா அதை வீடியோ எடுத்து இங்கே போடுவார். நாங்கள் எல்லாரும் லைக் போடுவோம். ஒரு மணித்தியாலத்துக்கு நாற்பது பவுண் கொடுத்து வாங்கிய அந்த அடி, முதல் நாள் மழையில் ஊறிய மண்ணில் செல்லாது. மண்ணுக்கு உங்கள் வங்கிக் கணக்கு தெரியாது.

இங்கிலாந்துக் கிரிக்கெட்டே இந்த ஈர மண்ணில்தான் வளர்ந்தது. கவுண்டி ஆட்டங்களில் ஆடுகளத்தை மழைக்கு முழுதாக மூடி வைக்கிற பழக்கம் 1970களில்கூட இருக்கவில்லை. மழை பெய்து வெயில் எறித்தால் பந்து என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. 1926 ஓகஸ்டில் லண்டன் ஓவல் மைதானத்தில், இடி மழைக்குப் பிறகு பிசுபிசுத்த ஆடுகளத்தில், சர்ரேயின் ஜாக் ஹொப்ஸும் யோர்க்ஷையரின் ஹேர்பேர்ட் சட்கிளிஃபும் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் விக்கெட்டுக்கு 172 ஓட்டம் சேர்த்தார்கள். ஹொப்ஸ் 100, சட்கிளிஃப் 161. இங்கிலாந்து ஆஷஸை மீட்டது. ஹொப்ஸ் எத்தனையோ சதம் அடித்தவர். ஆனால் நூறு வருடத்துக்குப் பிறகும் கிரிக்கெட் படித்தவர்கள் சொல்லிக் காட்டுவது அந்த ஈர ஆடுகளத்துச் சதத்தை.

இன்னொன்று. ஹொப்ஸின் அப்பா யார் தெரியுமா? கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் மைதானப் பராமரிப்பாளர். எங்கள் கடிதத்தின் மூன்றாவது கோரிக்கை யாரை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்கிறது என்று ஒருக்கால் யோசித்துப் பாருங்கள்.

அந்த மனிதரோடு நான் கதைத்தேன். எழுபது வயது தாண்டியவர். சம்பளம் இல்லை, தொண்டு. ஒரு நல்ல ஆடுகளம் தயாராகப் பத்துப் பன்னிரண்டு நாள் வேண்டும். களிமண் கலந்த மண்ணுக்குத் தண்ணீர் விட்டு, புல் வெட்டி, பாரமான உருளையைத் திரும்பத் திரும்ப ஓட்டி, மெல்ல மெல்லக் காயவைத்து இறுக்க வேண்டும். ஈரம் கூடினால் பந்து நிற்கும். காய்ச்சல் ஒரே சீராக இல்லாவிட்டால் ஒரு பக்கம் எழும்பும், ஒரு பக்கம் தாழும். அவரிடம் இருப்பது ஒரு சிறிய உருளையும் ஓரம் கிழிந்த ஒரு விரிப்பும். ஞாயிறு காலை ஐந்தரைக்கு வந்து விரிப்பை இழுத்து, தேங்கிய தண்ணீரைப் பஞ்சால் ஒற்றி எடுத்திருக்கிறார். நாங்கள் ஒன்பதரைக்கு வந்து கோப்பி குடித்தோம். அவரை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்து வைத்த பதினாறு பேரில் ஒருவராவது அடுத்த ஞாயிறு அந்த விரிப்பை இழுக்கப் போவாரா?

இனி முதலாவது கோரிக்கை. எனக்கு இரத்தம் கொதித்தது அதை வாசித்தபோதுதான். ஓட்டங்களைக் கணக்கில் எடுக்கக் கூடாதாம்.

ஐந்தாவதாக ஒரு பிள்ளை துடுப்பெடுத்தாட வந்தான். பெயர் சொல்லமாட்டேன். எங்கள் ஆள் இல்லை. தாய் தனியாக வளர்க்கிறார், இரண்டு பஸ் மாறிக் கூட்டி வருகிறார். தனிப் பயிற்றுநர் இல்லை, மட்டையும் யாரோ கொடுத்தது. அவன் 74 பந்து நின்று, ஆட்டமிழக்காமல் 19 ஓட்டம் எடுத்தான். நின்று வந்த பந்தைக் கடைசி நொடி வரை பார்த்து, கையை இளக்கி, காலடியில் விழுத்தினான். வெளியே போனதை விட்டான். தாழ்ந்து வந்ததற்கு மட்டையைத் தாழ வைத்திருந்தான். ஒரு தரம் கையுறையில் பட்டதும் அவனுக்குத்தான். நடுவர் கேட்டபோது தலையை ஆட்டிவிட்டுத் திரும்ப நின்றான்.

கணித ரீச்சர் என்பதால் கணக்கு ஒன்று சொல்கிறேன். 71இல் 19 என்றால் நாலில் ஒரு பங்குக்கு மேல். நல்ல சமமான ஆடுகளத்தில் அணி 240 எடுக்கும்போது ஒரு பிள்ளை 60 எடுத்தால் அது சரியாக நாலில் ஒரு பங்கு. அன்று எங்கள் அணி முகம் கொடுத்தது ஏறத்தாழ 198 பந்து. அதில் 74ஐ அவன் தனியாகச் சந்தித்தான், மூன்றில் ஒரு பங்குக்கும் கூட. அந்த 19, உங்கள் பிள்ளை போன மாதம் தட்டையான ஆடுகளத்தில் எடுத்த 60ஐவிடப் பெரிது. ஆனால் சராசரிப் பட்டியலில் 19 என்றுதான் இருக்கும். அதையும் அழிக்கச் சொல்கிறீர்கள்.

ஏன் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். கோடை முடியத் தெரிவு நடக்கும். இடம் குறைவு. அந்த ஆட்டம் செல்லாது என்றால் உங்கள் பிள்ளையின் 2 ஓட்டம் மறையும். கூடவே அந்தப் பிள்ளையின் 19உம் மறையும். உங்கள் பிள்ளைக்கு வேறு பத்து ஆட்டம் இருக்கிறது, குளிர்கால வலை இருக்கிறது, பயிற்றுநரின் சிபாரிசு இருக்கிறது. அவனிடம் தன்னைக் காட்ட இருப்பது அந்த ஒரு நாள்.

ஒரு தங்கச்சி எனக்குத் தனியாக எழுதினார். "ரீச்சர், நாங்களும் இந்த நாட்டில் கஷ்டப்பட்டுத்தானே வந்தோம், எங்கள் பிள்ளைக்கு ஒதுக்கல் நடந்தால் கேட்கக் கூடாதா?" கேட்க வேண்டும் தங்கச்சி, கட்டாயம் கேட்க வேண்டும். இந்த நாட்டுக் கிரிக்கெட்டில் ஒதுக்கல் இருக்கிறது. 2023 ஜூனில் சுயாதீன ஆணைக்குழு ஒன்று முந்நூறு பக்கத்துக்கு மேல் அறிக்கை வெளியிட்டது. நிறவெறி, வர்க்க பேதம், பெண்களைத் தாழ்வாக நடத்துவது எல்லாம் இங்கிலாந்து, வேல்ஸ் கிரிக்கெட்டில் வேரூன்றி இருக்கிறது என்று பட்டவர்த்தனமாக எழுதியது. திறமையான பிள்ளைகள் மேலே வருகிற பாதையில் பெற்றோரிடம் காசு வாங்கக் கூடாது, அது முழுக்க இலவசமாக வேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்த நாட்டில் கட்டணம் கட்டித் தனியார் பள்ளியில் படிக்கிற பிள்ளைகள் நூற்றுக்கு ஏழு அளவில்தான். இங்கிலாந்து அணிக்கு விளையாடுகிறவர்களில் அவர்கள் பங்கு எத்தனை மடங்கு என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்தப் பள்ளிகளில் சம்பளத்துக்கு மைதானப் பராமரிப்பாளர்கள் இருக்கிறார்கள், பெரிய உருளை இருக்கிறது, முழு விரிப்பு இருக்கிறது.

அநியாயம் அங்கே இருக்கிறது. அதைப் பற்றி எங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. எங்களுக்கு மேலே இருப்பவனிடம் கேட்க வேண்டிய நியாயத்தை, எங்களுக்குக் கீழே இருக்கிற ஒரு தாயிடமிருந்தும் ஒரு கிழவனிடமிருந்தும் பறிக்கப் பார்க்கிறோம். இதற்குப் பெயர் உரிமைக் குரல் இல்லை.

"அவர்கள் துடுப்பெடுத்தாடும்போது ஆடுகளம் காய்ந்துவிட்டது, எங்களுக்குத்தான் ஈரம்" என்று ஒரு வாதம். உண்மை, கொஞ்சம் காய்ந்தது. அதற்குத்தானே நாணயச் சுழற்சி இருக்கிறது. வென்ற நாங்கள் ஆடுகளத்தில் விரலை வைத்து அமத்திப் பார்த்து முடிவெடுத்திருக்கலாம். பன்னிரண்டு வயது அணித்தலைவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவேண்டியது பெரியவர்கள். அவன் அடுத்த முறை மண்ணைத் தொட்டுப் பார்ப்பான். அந்தப் பாடத்தை எந்த உள்ளரங்கும் படிப்பிக்காது.

"தன்னம்பிக்கை உடைந்துவிடும்" என்று இன்னொரு வாதம். பிள்ளையின் தன்னம்பிக்கையை 2 ஓட்டம் உடைக்காது. காரில் ஏறியவுடன் "நீ நல்லாத்தான் ஆடினாய், பிட்ச்தான் மோசம்" என்று சொல்லும்போதுதான் உடையும். தோற்றால் காரணம் வெளியே இருக்கிறது என்று பழகிய பிள்ளை நாளைக்குக் கணிதத்திலும் அதையே சொல்லும், வேலையிலும் சொல்லும். டொன் பிராட்மன் சிறுவயதில் ஸ்ரம்ப் ஒன்றால் கோல்ஃப் பந்தைத் தண்ணீர்த் தொட்டியின் அடிச்சுவரில் அடித்து அடித்துப் பழகினார். எப்படித் திரும்பி வரும் என்று தெரியாத பந்து. அது அவரைக் கெடுக்கவில்லை.

ஆகவே தம்பிமாரே, தங்கச்சிமாரே, கடிதம் எழுதத்தான் வேண்டும் என்றால் இப்படி எழுதுவோம். கையெழுத்து நானும் வைக்கிறேன், முதல் ஆளாக.

1. பிள்ளைகளின் ஆட்டம் நடக்கும் மைதானங்களுக்கு முழு விரிப்பும் ஒழுங்கான உருளையும் வாங்கக் கவுண்டி காசு ஒதுக்க வேண்டும். தொண்டாகப் பராமரிப்பவர்களுக்குப் பயிற்சியும் உதவிக்கு ஆளும் கொடுக்க வேண்டும்.

2. தெரிவாளர்கள் சராசரியை மட்டும் பார்க்கக் கூடாது. எந்த ஆடுகளம், அணி மொத்தம் எவ்வளவு, எத்தனை பந்து நின்றான் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஸ்கோர் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. கேட்டால் நான் கொண்டுவந்து காட்டுவேன்.

3. தெரிவான பிள்ளையின் பெற்றோரிடம் பயிற்சிக்கும் உடைக்கும் காசு கேட்கக் கூடாது.

4. வலைப்பயிற்சியில் பாதி நேரமாவது இயந்திரம் இல்லாமல், வெளியே, புல் தரையில் நடக்க வேண்டும்.

இந்த நாலையும் யாராவது ஆங்கிலத்தில் வடிவாக எழுதித் தாருங்கள். வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்புவோம். மற்றக் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர்கள் பெயரை எடுக்க விரும்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் கீழே சொல்லுங்கள், பதில் தருவேன். ஒரு பிள்ளையின் பெயரையும் மட்டும் இழுக்க வேண்டாம், எழுதினால் அழித்துவிடுவேன்.